ஓரத்தில் எழுதியது

திருக்கடலூரில் அறுபத்திரண்டு வீடு.
என் கையில் இருபத்தொரு கேள்வி,
ஒவ்வொன்றுக்கும் நாலு பெட்டி:
இல்லவே இல்லை, சில நாள், பல நாள், எந்நாளும்.

கொழும்பில் ஒருவர் தமிழாக்கினார்.
இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார்.
போனதும் வந்ததும் ஒத்துப்போனதால்
இருவருக்கும் காசு கொடுத்தாயிற்று.
"மனச்சோர்வு" என்று நான் வாசித்தபோது
ஒரு பெண் எழுந்து
எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மூன்றாம் கேள்வி:
கடந்த இரண்டு கிழமையில் உறக்கம் கெட்டதா?
கணவாய்ச் சீசன்.
விளக்குப் படகில் இரவெல்லாம் நின்றுவிட்டு
முற்றத்தில் சாரத்தை உதறிக்கொண்டிருந்த சித்திரவேல் சிரித்தார்.
"பகலில நித்திர கொள்ளுறது எந்தப் பெட்டி, தங்கச்சி?"
நானும் சிரித்தேன்.
'தொழில்' என்று நினைத்துக்கொண்டு
இல்லவே இல்லையில் கோடிட்டேன்.

வாடை தொடங்கியபின் வந்திருந்தால்
நாட்டம் குறைந்ததா, வெளியே போக மனமில்லையா,
ஊர் முழுக்க ஆமாம் என்றிருக்கும்.
கரையேற்றிக் கவிழ்த்த தோணிகளையும்
கணக்கில் சேர்த்திருப்பேன்.

நாகபூஷணி எல்லாவற்றுக்கும் எந்நாளும் என்றாள்.
வேலிக்கு அந்தப்பக்கம் சறோசினி
எல்லாவற்றுக்கும் இல்லவே இல்லை.
புள்ளி கூடினால் வலை தருவார்களாம் என்று
முன்னவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
பின்னவள் வீட்டில்
மகளுக்குக் கலியாணப் பேச்சு.

ஆல்ஃபா பூச்சியம் தசம் ஒன்பது ஒன்று.
"அருமையான அளவுகோல்," என்றார் கலாநிதி, தொலைபேசியில்.
மீன் வாடியில் முதலாளியின் தராசு தொங்குகிறது.
காலையும் மாலையும், பாரைக்கும் சூரைக்கும்
கிலோவுக்கு இருநூறு கிராம் குறைத்தே காட்டும்.
ஒரு நாளும் நூற்றித்தொண்ணூறு இல்லை.
அவ்வளவு நம்பகமான பொய்யை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

பஸ் நிலையத்தில் தேநீருக்குச் சில்லறை எண்ணுகையில்
பைக்குள் மூக்கை விட்டு
மூன்று தாளை மென்றுவிட்டது ஒரு புள்ளிமான்.
எங்கள் ஆய்வில்
ஆள் பாராமல் மாதிரி எடுத்தது அது ஒன்றுதான்.

பத்துப் புள்ளிக்கு மேலுள்ளோரை
ஆஸ்பத்திரியில் டொக்டர் மறுபடி கேட்டார்.
கேள்வித்தாளும் அவரும் எண்பது வீதம் ஒத்துப்போனார்கள்.
பத்துக்குக் கீழே இருந்தவர்களை
ஒத்துப்பார்க்க யாரும் கூப்பிடவில்லை.
சித்திரவேலின் கூட்டுத்தொகை இரண்டு.

கடைசி நாள்,
படலையடியில் சைக்கிளை எடுக்கும்போது பின்னால் வந்தார்.
"இருபத்தொண்டும் கேட்டீங்க.
நாயைப் பற்றி ஒண்டும் கேக்கல்லயே."
"என்ன நாய், அண்ணன்?"
"குரைச்சாப் பரவாயில்ல.
குரைச்சுக்கொண்டிருக்கிறது சட்டெண்டு நிண்டாத்தான்.
எழும்பிக் கதவுக்குப் பின்னால நிப்பன்.
விடியுமட்டும்.
தம்பியக் கொண்டுபோன ராவில
அப்பிடித்தான் நிண்டது."
சைக்கிள் கைபிடியில் ஒட்டியிருந்த மணலை
விரலால் தட்டிவிட்டார்.
"அதாலதான் கணவாய் இல்லாத நாளிலயும் போறனான்.
கடலில நாய் இல்ல."

தாளின் ஓரத்தில் எழுதினேன்.
இடம் போதாமல் எழுத்து சரிந்து
ஆறாம் கேள்வியின் பெட்டிக்குள் விழுந்தது.

தரவு பதிகிற ரிஸ்மி கிண்ணியாவிலிருந்து
காலைப் பஸ்ஸில் வருகிறவன்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதுக்கு நிரல் இல்லையே, அக்கா."
"புதுசா ஒண்டு போடேலாதா?"
"போடலாம். மற்ற அறுபத்தொரு பேருக்கும்
என்ன போடுற?"

கேட்கவில்லை என்றால் தொண்ணூற்றொன்பது.
அதுதான் விதி.
அறுபத்தொரு முறை தட்டினான்.
சித்திரவேலின் கட்டத்தில்
விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

அன்றிரவு உவர்மலை அறையில் விளக்கை அணைத்தேன்.
கீழே தெருவில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன.
நிற்குமோ என்று
கேட்டுக்கொண்டே கிடந்தேன்.